உழைப்பாளிக்குச் சிலை வைத்த சிற்பி

சென்னைக் கடற்கரையில் நான்கு பேர் ஒரு பெரிய பாறையை நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். 1959-ஆம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி தொடங்கிய வேலை அது. வெயிலிலும் விடவில்லை, மழையிலும் விடவில்லை. பாறை இன்னும் அசையவில்லை. ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு, இதோ அசையப் போகிறது என்றே தோன்றும்.

அதுதான் உழைப்பாளர் சிலை.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மாத்தூர் பக்கங்களிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடற்கரைக்கு வரும் குடும்பங்கள் இந்தச் சிலையைப் பார்க்காமல் போவதில்லை. குழந்தைகள் விரலை நீட்டி, ஆட்களை எண்ணுவார்கள். மே தினத்தன்று தொழிலாளர்கள் மாலை போடுவார்கள். சிலையின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதைச் செய்தவரின் பெயர் அநேகருக்குத் தெரியாது.

அவர் பெயர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்தில் பிறந்தவர். சென்னையில் ஏறக்குறைய 28 ஆண்டுகள் ஒரு கலைப் பள்ளியின் தலைவராக இருந்தவர். கல்லிலும் உலோகத்திலும் மன்னர்களும் பிரபுக்களும் மட்டுமே நின்ற ஊரில், பெயர் தெரியாத நான்கு கூலியாட்களைப் பீடத்தின் மேல் ஏற்றியவர்.

யாருக்குச் சிலை?

வெள்ளைக்காரர் காலத்தில் சென்னையில் யாருக்குச் சிலை வைத்தார்கள்? கவர்னர்களுக்கு வைத்தார்கள். ராஜாக்களுக்கும் ராணிக்கும் வைத்தார்கள். படைத் தளபதிகளுக்கு வைத்தார்கள்.

தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் மன்றோ சிலை 1839-ல் வைக்கப்பட்டது. லண்டன் சிற்பி சாண்ட்ரி செய்தது. குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை என்று மக்கள் இன்றும் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

மவுண்ட் ரோட்டில் நீல் என்ற தளபதியின் சிலை இருந்தது. 1857 புரட்சியைக் கொடூரமாக அடக்கியவர் அவர். அந்தச் சிலை கூடாது என்று 1927-ல் தேசத் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றார்கள். 1937-ல் காங்கிரஸ் மந்திரிசபை வந்த பிறகுதான் சிலை அகற்றப்பட்டது.

ஆகவே சிலை என்பது வெறும் அலங்காரம் அல்ல. யாரை மதிக்க வேண்டும் என்று ஓர் ஊர் தன் பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடம் அது. அந்தப் பாடத்தை மாற்றி எழுதியவர்களில் ஒருவர் ராய் சௌத்ரி.

ஜமீன் வீட்டுப் பிள்ளை

1899-ஆம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி தேவி பிரசாத் பிறந்தார். ஊர் ரங்கபூரைச் சேர்ந்த தாஜ்ஹாட். அன்று அது பிரிக்கப்படாத வங்காளம். இன்று வங்காள தேசத்தில் இருக்கிறது.

பிறந்தது ஜமீன் குடும்பம். வேலையாட்கள் பாறை தூக்குவதை மாடியிலிருந்து பார்க்கும் வீடு. ஆனால் பிள்ளைக்கு ஜமீன் வேலையில் மனம் செல்லவில்லை. படம் எழுதுவதிலேயே நாட்டம்.

அந்நாளில் வங்காளத்தில் ஓவியத்துக்குப் பெரிய குரு அபனீந்திரநாத் தாகூர். மகாகவி ரவீந்திரநாத் தாகூரின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். அவரிடம் தேவி பிரசாத் சேர்ந்தார். நீர்வர்ணத்தில் மெல்லிய சாயல்களோடு எழுதும் இந்திய முறையைக் கற்றார்.

அதோடு நிற்கவில்லை. ஓர் இத்தாலிய ஓவியரிடம் மேனாட்டு முறையில் உருவப்படம் எழுதக் கற்றார். பிறகு, லண்டனில் பயின்று வந்த ஹிரண்மய் ராய் சௌத்ரி என்ற சிற்பியிடம் களிமண் பிடித்து உருவம் செய்யக் கற்றார்.

ஆளும் சாதாரண ஆள் அல்ல. மல்யுத்தம் பழகிய உடம்பு. வேட்டைக்குப் போவார். புல்லாங்குழல் வாசிப்பார். வங்காளியில் கதைகள் எழுதுவார். மல்யுத்தம் பழகியவருக்குத் தசை எப்படி இறுகும், நரம்பு எப்படிப் புடைக்கும் என்பது புத்தகத்தைப் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. தம் உடம்பிலேயே தெரியும். அந்த அறிவு பிற்காலத்தில் அவருடைய சிலைகளில் வந்து நின்றது.

பாரிஸ் நகரத்து ரோடின்

தேவி பிரசாத்தின் மனத்தைப் பிடித்துக்கொண்ட சிற்பி ஒருவர் உண்டு. பிரான்ஸ் நாட்டு ரோடின்.

ரோடின் 1840-ல் பாரிசில் பிறந்தார். தகப்பனார் போலீஸ் இலாகாவில் குமாஸ்தா. பையன் பெரிய கலைக் கல்லூரியில் சேர மூன்று முறை பரீட்சை எழுதினார். மூன்று முறையும் சேர்த்துக்கொள்ளவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகக் கட்டடங்களுக்குப் பூவேலை, கொடிவேலை செய்தார்.

1877-ல் அவர் ஓர் ஆண்மகனின் சிலையைக் காட்சிக்கு வைத்தார். உயிரோடு நிற்பது போலவே இருந்தது. அதுவே வம்பாகப் போயிற்று. உயிருள்ள ஆளின் மேல் சாந்தைப் பூசி அச்சு எடுத்து ஏமாற்றிவிட்டார் என்று பழி சொன்னார்கள். அந்தப் பழி நீங்கச் சில ஆண்டுகள் ஆயின. 1880-ல் பிரெஞ்சு சர்க்காரே அந்தச் சிலையை வாங்கிக்கொண்டது.

ரோடின் செய்த புதுமை என்ன? அவருக்கு முன்பு சிலை என்றால் வழவழப்பாக இருக்க வேண்டும். முகத்தில் சலனம் கூடாது. வீரன் என்றால் மார்பை நிமிர்த்தி நிற்க வேண்டும். ரோடின் அதை மாற்றினார். களிமண்ணில் பதிந்த விரல் தடத்தை அழிக்காமல் விட்டார். அச்சம், களைப்பு, வேதனை இவற்றை முதுகிலும் கையிலும் காலிலும் காட்டினார்.

கலே என்ற ஊரைக் காப்பாற்ற உயிரைக் கொடுக்க முன்வந்த ஆறு பேரின் சிலையை அவர் செய்தார். 1895-ல் அது திறக்கப்பட்டது. அதில் தலைவன் என்று ஒருவன் இல்லை. ஆறு பேரும் சாவை எண்ணித் தளர்ந்து நடக்கிறார்கள். ஊரார் திகைத்தார்கள். நவீன சிற்பக் கலை பிறந்த கதையில் இது முக்கியமான ஓர் ஏடு.

இந்த ரோடினுக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. திருவாலங்காட்டில் 1905-ல் கிடைத்த நடராஜர் திருமேனி எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்து நடராஜர் படிமங்களின் புகைப்படங்கள் ரோடின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் பார்த்து வியந்து, 1913-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். 1917-ல் ரோடின் காலமானார். கட்டுரை 1921-ல் அச்சாயிற்று. நவீன சிற்பத்தின் தந்தை, சோழ நாட்டுக் கன்னாரின் கைக்குத் தலைவணங்கிய கதை இது.

சென்னைக்கு வந்தார்

சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு பழைய கலைப் பள்ளி உண்டு. அலெக்சாந்தர் ஹண்டர் என்ற டாக்டர் 1850-ல் தொடங்கியது. பிறகு சர்க்கார் எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி.

ஆரம்பத்தில் அது கலைஞர்களை உண்டாக்கும் இடமாக இல்லை. தச்சு வேலை, உலோக வேலை, நகை வேலை, மண்பாண்டம் இவை சொல்லிக்கொடுத்தார்கள். ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் 1898-ல் இங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார். நம் அடுப்பங்கரைக்கு அலுமினியச் சட்டி வந்த வழி இந்தப் பள்ளியின் வாசல் வழியாகத்தான்.

தலைமைப் பதவியில் ஆங்கிலேயர்களே இருந்துவந்தார்கள். 1929-ல் அந்தப் பொறுப்புக்கு வந்தார் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே.

பள்ளியின் போக்கு மாறியது. கைத்தொழில் பாடங்களுக்குப் பக்கத்தில் ஓவியமும் சிற்பமும் தலை நிமிர்ந்து நின்றன. பழைய படத்தைப் பார்த்துப் படம் எழுதுவது போதாது, எதிரே ஓர் ஆளை உட்கார வைத்துப் பார்த்து எழுத வேண்டும் என்று ஆயிற்று.

களிமண்ணில் தொடங்கும் வேலை

நம் நாட்டில் சிற்பம் புதிதல்ல. சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலையை மடித்து அளவு வைப்பார்கள். முகம் இத்தனை பங்கு, மார்பு இத்தனை பங்கு என்று கணக்கு உண்டு. மெழுகில் உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசி, சூடு காட்டுவார்கள். மெழுகு உருகி ஓடும். அந்தக் காலியிடத்தில் காய்ச்சிய உலோகத்தை ஊற்றுவார்கள். அங்கே சிற்பி காட்டுவது தெய்வத்தின் வடிவம். அதற்கு அளவும் இலக்கணமும் வேண்டும்.

ராய் சௌத்ரி எடுத்துக்கொண்டது வேறு வேலை. தெருவில் போகிற மனிதனைக் காட்ட வேண்டும். அவனுக்குச் சாஸ்திரத்தில் அளவு இல்லை. கண்ணால் பார்த்துத்தான் அளக்க வேண்டும்.

முதலில் இரும்புக் கம்பியால் எலும்புக்கூடு போல ஒரு சட்டம் கட்டுவார்கள். அதன்மேல் களிமண்ணை அப்பி உருவம் பிடிப்பார்கள். மண் காய்ந்து வெடிக்காமல் ஈரத்துணி போட்டு மூடி வைக்க வேண்டும். உருவம் முடிந்ததும் சாந்து பூசி அச்சு எடுப்பார்கள். அந்த அச்சிலிருந்து கடைசியில் வெண்கலச் சிலை வரும். ஆள் உயரத்தைவிடப் பெரிய சிலை என்றால் மாதக்கணக்கில் வேலை. மண்ணைச் சுமக்கவும், பிசையவும், ஏணியில் ஏறி அப்பவும் உடம்பில் பலம் வேண்டும். சிற்பியும் ஓர் உழைப்பாளிதான்.

பசியும் குளிரும்

பெரிய மனிதர்களின் சிலைகளை ராய் சௌத்ரியும் செய்தார். வங்கத் தலைவர் சுரேந்திரநாத் பானர்ஜியின் சிலை அவற்றில் ஒன்று. 1937-ல் பிரிட்டிஷ் சர்க்கார் அவருக்கு எம்.பி.ஈ. பட்டமும் கொடுத்தது. ஆனால் அவர் மனம் பிரபுக்களோடு நிற்கவில்லை.

1936-ல் திருவாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. தீண்டாமையின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குக் கோயில் கதவு திறந்தது. அந்தச் சம்பவத்தை ராய் சௌத்ரி புடைப்புச் சிற்பமாக வடித்தார்.

1943-ல் வங்காளத்தில் கொடிய பஞ்சம். சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள் என்று கணக்குச் சொல்வார்கள். கிராமத்து மக்கள் கல்கத்தா வீதிகளில் கஞ்சிக்குக் கையேந்தி விழுந்து இறந்தார்கள். பிறந்த மண்ணின் அந்தத் துயரம் சென்னையில் இருந்த சிற்பியை விடவில்லை. பசிக்குப் பலியானவர்களை அவர் வெண்கலத்தில் வடித்தார். குளிர்காலம் வந்தால் ஏழைக்கு என்ன ஆகும் என்பதையும் ஒரு சிலையாகச் செய்தார்.

வெண்கலம் விலை உயர்ந்த உலோகம். அதில் சோற்றுக்கு இல்லாதவனின் உருவத்தை வார்ப்பது அந்நாளில் துணிச்சலான காரியம்.

ஏழு இளைஞர்கள்

1942 ஆகஸ்டு 11-ந் தேதி பாட்னா நகரில் மாணவர்கள் ஊர்வலமாகச் சென்றார்கள். தலைமைச் செயலகத்தின் மேல் தேசியக் கொடியை ஏற்றுவது அவர்கள் நோக்கம். போலீசார் சுட்டார்கள். ஏழு இளைஞர்கள் உயிர் நீத்தார்கள்.

சுதந்திரம் வந்த 1947 ஆகஸ்டு 15 அன்றே அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப அடிக்கல் நாட்டப்பட்டது. சிலை செய்யும் பொறுப்பு ராய் சௌத்ரிக்கு வந்தது. 1956-ல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் அதைத் திறந்துவைத்தார்.

ஏழு பேரும் கொடியை நோக்கிப் போகிறார்கள். சிலர் விழுகிறார்கள். மற்றவர்கள் நிற்கவில்லை. கொடி கீழே விழவில்லை. பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளுமான ஏழு பேருக்கு, ஒரு காலத்தில் கவர்னர்களுக்கு மட்டுமே கிடைத்த மரியாதை கிடைத்தது.

பாறையும் நால்வரும்

அடுத்து வந்ததுதான் சென்னையின் உழைப்பாளர் சிலை.

அதற்கு ஏற்ற இடம் சென்னைதான். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் இங்கே பிறந்தது. 1923 மே 1-ந் தேதி, இந்தியாவில் முதன்முதலாக மே தினத்தைக் கொண்டாடியவர் சிங்காரவேலர். அன்று கூட்டம் நடந்த இரண்டு இடங்களில் ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், கைவண்டி இழுத்தவர்கள், ரிக்ஷா இழுத்தவர்கள், சாலைக்குக் கல் உடைத்தவர்கள் என்று உழைக்கும் மக்கள் நிறைந்த ஊர். ராய் சௌத்ரி இவர்களைப் பல ஆண்டுகளாகத் தினமும் பார்த்தவர்.

சிலைக்கு மாதிரியாக நிற்க அவர் பயில்வான்களைத் தேடிப் போகவில்லை. கலைப் பள்ளியின் இரவுக் காவலாளியும் ஒரு மாணவரும் மாதிரியாக நின்றார்கள் என்று சொல்வார்கள்.

வாலாஜா சாலை வந்து கடற்கரைச் சாலையில் சேரும் இடத்தில் சிலை நிறுவப்பட்டது. அப்போது காமராஜர் முதல் மந்திரி. மறுநாள் குடியரசு தினம்.

இன்னொரு முறை அந்தப் பக்கம் போகும்போது சிலையைச் சுற்றி வந்து பாருங்கள். நால்வரின் இடுப்பில் சிறு துணிதான். நெம்புகோல் கொடுத்துப் பாறையைக் கிளப்புகிறார்கள். ஒருவர் செய்யும் வேலையை மற்றவர் செய்யவில்லை. ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு விதமாக வளைந்திருக்கிறது. ஆனால் நான்கு பேரின் பலமும் ஒரே இடத்தில் போய்ச் சேர்கிறது. ஒருவர் கையை எடுத்தால் மற்ற மூவருக்கும் ஆபத்து. சங்கம் என்பது என்ன என்று எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தச் சிலை சொல்லிவிடும்.

அவர்கள் நம்மைப் பார்க்கவில்லை என்பதையும் கவனிக்கலாம். கவர்னர் சிலைகள் பார்க்கிறவனைக் குனிந்து பார்க்கும். இந்த நால்வருக்கு அதற்கு நேரம் இல்லை. வேலை இருக்கிறது.

இதே கருத்தில் அமைந்த சிலை டில்லியில் தேசிய நவீன கலைக்கூடத்திலும் இருக்கிறது. 1959-லேயே மெரினாவில் ராய் சௌத்ரியின் காந்தி சிலையும் வந்தது. கையில் தடியோடு வேகமாக நடக்கும் காந்தி அவர். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வள்ளுவர், ஔவையார், பாரதியார் முதலியோர் கடற்கரையில் வரிசையாக வந்து நின்றார்கள். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே உழைப்பாளிகள் வந்துவிட்டார்கள்.

மாணவர்கள் போன வழி

ராய் சௌத்ரியிடம் படித்தவர்கள் பலர் பேர் பெற்றார்கள். பிரதோஷ் தாஸ் குப்தா நாடறிந்த சிற்பி ஆனார். பரிதோஷ் சென் பெரிய ஓவியர் ஆனார். கே.சி.எஸ். பணிக்கர் குருவுக்குப் பின் பள்ளியின் தலைவர் ஆனார். 1966-ல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உண்டாக்கியவரும் அவரே. சென்னை மயிலாப்பூர்க்காரரான எஸ். தனபால் ஓவியராகத் தொடங்கிச் சிற்பியாக மாறினார். பிற்காலத்தில் அவரும் அதே கல்லூரியின் தலைவரானார்.

இவர்கள் குரு போன வழியிலேயே போகவில்லை. ராய் சௌத்ரி, மனிதன் உள்ளபடி இருக்க வேண்டும் என்று நினைத்தவர். அடுத்த தலைமுறையோ உருவத்தைச் சுருக்கியது, நீட்டியது, கோடாகவும் குறியாகவும் மாற்றியது. நாட்டுப்புறத்து அய்யனார் சிலையிலிருந்தும் கோயில் படிமங்களிலிருந்தும் புது வழி தேடியது. ரோடினுக்குப் பின் பிரான்சிலும் இப்படித்தான் நடந்தது. கதவைத் திறந்துவிட்டவர் வாசலோடு நின்றுவிடுவார். உள்ளே போகிறவர்கள் பிள்ளைகள்.

பெருமைகள் அவரைத் தேடி வந்தன. 1954-ல் லலித் கலா அகாடமி தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ஆனார். 1958-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது.

கடைசி வேலை

முதுமையிலும் கை ஓயவில்லை. கடைசியாக எடுத்துக்கொண்ட பெரிய வேலை தண்டி யாத்திரை. 1930-ல் காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக நடந்த நடை. முன்னால் காந்தி. பின்னால் பத்துப் பேர். ஆண்களும் பெண்களும், பல மதத்தவரும், ஏழைகளும். மொத்தம் 11 உருவங்கள்.

அந்த வேலை முழுதும் முடிவதற்குள், 1975 அக்டோபர் 15-ந் தேதி, தேவி பிரசாத் ராய் சௌத்ரி காலமானார். வயது 76. பிறகே சிலை முடிந்து டில்லியில் நிறுவப்பட்டது. டில்லிக்காரர்கள் அதைப் பதினோரு மூர்த்தி என்கிறார்கள்.

டில்லிக்குப் போகாதவர்களும் அந்தச் சிலையைப் பார்த்திருக்கிறார்கள். 2016 நவம்பரில் செல்லாமல் போன பழைய 500 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருந்த படம் அதுதான். காந்தி முன்னே நடக்க, மக்கள் பின்னே வரும் படம்.

மளிகைக் கடையிலும், மீன் சந்தையிலும், சம்பள நாளில் ஆலை வாசலிலும் அந்த நோட்டு கைமாறியது. உழைப்பாளிக்குச் சிலை வைத்தவரின் கடைசிச் சிற்பம், பல ஆண்டுகள் உழைப்பாளியின் சட்டைப் பையிலேயே இருந்தது.